ஒரு நோயாளிக்கு ஒரு கை

என் தம்பி பஸ்ரியனின் சன்னல் விளிம்பில் ஒரு ஜாம் போத்தலைக் கண்டேன் என்பதோடு போன கிழமை நிறுத்தியிருந்தேன். அதன் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு ஏதோ மண்டி கிடந்தது. முகர்ந்து பார்த்தேன். மல்லி, தேன், கற்பூரவள்ளி. அது என் கையால் அவித்தது இல்லை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மன்னாரில் தோட்டவெளி என்ற ஊரில் எங்கள் வீட்டுக்குக் குடிநீர்க்காரர் வீடு என்று பெயர். தடிமன், இருமல், நெஞ்சுச் சளி, பிள்ளைகளின் இழுப்பு, எதற்கும் எங்கள் அப்பா மூலிகை அவித்துக் கொடுத்த குடிநீரைத்தான் இந்தக் கரை நம்பியிருந்தது. அப்பாவுக்குப் பிறகு அந்தக் கை எனக்கு வந்தது. மதலேனாவாகிய எனக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. கலியாணம் செய்யவில்லை. பதின்மூன்று வயதில் தாயை இழந்து, ஆறு வயதுத் தம்பியை இடுப்பில் தூக்கியவளுக்கு அதற்கு நேரம் இருக்கவில்லை. தம்பி மனைவியை இழந்து நாலு வருடம். என் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் இடையில் ஒரு கிடுகு வேலி. அங்கே மகன் றெனால்ட்டோடும் மருமகள் ரஜிதாவோடும் இருக்கிறான்.

ரஜிதா, மலையகத்திலிருந்து வந்து முருங்கன் பக்கம் குடியேறிய குடும்பத்துப் பெண். மூன்று வருடத்துக்கு முன் றெனால்ட் விரும்பிக் கட்டினான். நான் கோயிலுக்குப் போனேன், ஆசீர்வதித்தேன், சாப்பிட்டேன். அதற்கு மேல் என்னிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை.

போத்தலைக் கண்ட இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. விடிந்ததும் குடிநீரை வடித்துச் செம்பில் ஊற்றி மூடினேன். மற்றக் கையில் அந்தப் போத்தலை எடுத்துக்கொண்டு வேலியைக் கடந்தேன். மார்கழி வாடை கடலிலிருந்து நேரே முகத்தில் அடித்தது.

ரஜிதாவின் குசினி வாசலில் அருளம்மா நின்றாள், இடுப்பில் மூக்கு ஒழுகும் பேரனோடு. அருளம்மாவின் பிள்ளைகள் ஐந்து பேரும் என் குடிநீரில் வளர்ந்தவர்கள். என்னைக் கண்டதும் அவள் கையிலிருந்த கோப்பையைச் சேலைத் தலைப்பால் மூடினாள்.

"என்ன அருளம்மா, என்ர படலை பூட்டியே கிடந்தது?"

"ஐயோ இல்லை மதலேனாக்கா. பொடியன் உங்கடையைக் குடிக்கிறான் இல்லை. துப்புறான். இவள் பிள்ளை தேன் விட்டுக் குடுக்கிறாள்."

"மருந்து கைக்கத்தான் வேணும்."

"கைக்கட்டும் அக்கா. உள்ளுக்குப் போனால்தானே கைக்கிறதில பிரயோசனம்?" என்று சொல்லிச் சிரித்தாள். பேரனும் எதற்கென்று தெரியாமல் சிரித்தான்.

பொறாமை என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். அறுபது வருடம் ஒரு வீடு காத்த பெயர் மூன்று வருடத்தில் ஒரு கரண்டித் தேனோடு கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவளுக்கு என்ன வரும் என்று, அப்படிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அருளம்மா போகும்வரை காத்திருந்தேன். வீட்டுச் சண்டையை வெளியாள் கேட்கக் கூடாது. அவள் வாசற்படலை தாண்டியதும் போத்தலை அம்மியில் வைத்தேன்.

"இது ஆர்ர?"

ரஜிதா அடுப்பைத் தணித்துவிட்டு நிமிர்ந்தாள். "நான் குடுத்ததுதான் மாமி. மாமா ராத்திரியெல்லாம் இருமிக்கிட்டே இருந்தாரு. பார்க்க முடியல."

"எத்தினை நாளா?"

"மூணு வாரமா."

மூன்று வாரம். தம்பிக்கு இருமல் தொடங்கியதும் மூன்று வாரம்தான். அப்படியானால் முதல் நாளிலிருந்தே.

"எங்கட வீட்டில ஒரு நோயாளிக்கு ஒரு கை எண்டது உனக்குத் தெரியாதோ?"

"தெரியும் மாமி. ஆனா..."

"தெரிஞ்சும் குடுத்திருக்கிறாய்."

எங்கள் வீட்டு முறை இது. ஒருவன் எந்தக் கையில் மருந்து குடிக்கத் தொடங்கினானோ, அந்தக் கையிலேயே குணமாக வேண்டும். இன்னொரு கைக்குப் போவதென்றால் முதற்கை அவனை விட வேண்டும். ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரை அவனுக்குக் குடிக்கக் கொடுத்து, "என்ர கையை எடுத்தன், இன்னார் கையில விட்டன்" என்று பெயர் சொல்லி விட வேண்டும். அப்பா இதில் கடும் கண்டிப்பு. ஒரே ஒரு தடவை அது மீறப்பட்டது. அப்பா கடலுக்குப் போயிருந்த நேரம் அயலவர்கள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மா திரும்பி வரவில்லை. அது அம்மாவின் விதி. ஆறு வயதுப் பஸ்ரியன் மட்டும், கை எடுக்காமல் கொண்டுபோனதால்தான் அம்மா செத்தா என்று நம்பினான். இன்றைக்கும் நம்புகிறான்.

உள்ளேயிருந்து இருமல் கேட்டது. காய்ந்த ஓலையை இழுக்கிற மாதிரிச் சத்தம். பிறகு ஏதோ விழுந்தது.

இருவரும் ஓடினோம். தம்பி கட்டிலுக்கும் கதிரைக்கும் இடையில் நிலத்தில் இருந்தான். எழுப்பினோம். கால் இரண்டும் துணி மாதிரித் துவண்டன. அறுபத்தொரு வயதிலும் தனியே வலை இழுக்கிறவன், என் கழுத்தைப் பிடிக்கக்கூடக் கையை உயர்த்த மாட்டாமல் இருந்தான்.

"முழங்காலுக்குக் கீழ ஒண்டும் விளங்குதில்லை அக்கா," என்றான்.

நான் செம்பைத் திறந்தேன். "குடி. நெஞ்சு இளகும்."

"வேணாம் மாமி, எதுவும் குடுக்காதீங்க!" என்றாள் ரஜிதா.

என் கையைத் தட்டவில்லை. ஆனால் எனக்கும் அவனுக்கும் இடையில் வந்து நின்றாள். அந்த வீட்டில் அதுவரை யாரும் அப்படி நின்றதில்லை.

"ஏன்? உன்ர போத்தலைக் கொண்டு வரப் போறியோ?"

"என்னுதும் வேணாம். மாமாவோட நெஞ்சைப் பாருங்க."

அவள் கைத்தொலைபேசியில் நேரம் வைத்துக்கொண்டு அவன் சட்டையைத் திறந்து மூச்சை எண்ணினாள். உதடு அசைய அசைய எண்ணினாள். ஒரு நிமிடம் முடிந்தது.

"முப்பத்தி நாலு மாமி. உதட்டைப் பாருங்க, நீலம் பாரிக்குது. இது இனிமே நம்ம கையில இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

றெனால்ட் அதற்குள் துறையிலிருந்து ஓடி வந்துவிட்டான். யாரோ சொல்லியிருக்க வேண்டும். படலையில் ஓட்டோ இரைந்துகொண்டு நின்றது.

"அப்பா, எழும்புங்கோ, போவம்."

தம்பி தலையை ஆட்டினான். "அக்கா கை எடுக்கேல்லை."

"அப்பா, விசர்க்கதை கதையாதேங்கோ!"

"அக்கா கை எடுக்காமல் நான் வரமாட்டன் மகன். தூக்கினாலும் குதிப்பன்." மூன்று சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினான். கண் மட்டும் என்னைப் பார்த்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மறைக்காமல் எழுதுகிறேன். அந்த நேரத்தில் நான் தம்பியின் மூச்சை மட்டும் நினைக்கவில்லை. நாளைக்குத் தண்ணிக் குழாயடியில் என்ன கதை நடக்கும் என்றும் நினைத்தேன். மதலேனாவின் குடிநீர் கேட்கவில்லையாம், மருமகள்தான் பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாளாம். குடிநீர்க்காரர் வீட்டில், குடிநீர்க்காரரின் மகனுக்கே.

"எடுக்கிறன்," என்றேன். "ஆனால் ஒண்டு. இவள் தன்ர வாயால சொல்லட்டும். ரண்டு கை பட்டதாலதான், தன்ர மருந்து கலந்ததாலதான் இவனுக்கு இப்பிடி வந்தது எண்டு."

"மாமி!" என்று கத்தினான் றெனால்ட். "அவர் மூச்சு விடமாட்டாமல் கிடக்கிறார். நீங்கள் இதில நிண்டு..."

"நான் உன்னோட கதைக்கேல்லை."

ரஜிதா அழுவாள், அல்லது வாதாடுவாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

அவள் யோசிக்கவே இல்லை. "ஆமா மாமி. என் மருந்தாலதான். நான்தான் கெடுத்தேன். ஊர்லயும் சொல்லுறேன், கோயில்லயும் வந்து சொல்லுறேன். இப்ப மாமாவ விடுங்க."

நான் கேட்டதைத்தான் தந்தாள். கேட்டதற்கு மேலேயும் தந்தாள். ஆனால் வேண்டாத சட்டையைக் கழற்றிப் போடுகிறவள் போலப் போட்டாள். அதைக் குனிந்து எடுக்க எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

கிளாஸில் தண்ணீர் வார்த்தேன். தம்பியின் உதட்டில் வைத்தேன். ஒரு மிடறு உள்ளே போனது, ஒரு மிடறு தாடியால் வடிந்தது.

"என்ர கையை எடுத்தன்."

பெயர் சொல்ல வேண்டும். மூவரும் காத்திருந்தார்கள்.

"மன்னார் ஆஸ்பத்திரியின்ர கையில விட்டன்," என்றேன்.

அந்த நிலையிலும் தம்பியின் வாயோரம் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அவனுக்கு என்னைத் தெரியும்.

ஓட்டோவின் பின் ஆசனத்தில் அவன் தலை என் மடியில் கிடந்தது. கால் ரஜிதாவின் மடியில். தலைமன்னார் வீதி நெடுகக் காற்று மணலை அள்ளி எறிந்தது. நான் என் முந்தானையால் அவன் முகத்தை மூடினேன். அவள் தன் துப்பட்டாவால் அவன் பாதத்தைச் சுற்றினாள். அவன் மார்பு எங்களில் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் உடனே எடுத்தார்கள். மூக்கில் ஒட்சிசன், கையில் ஊசி, நெஞ்சில் வயர்கள். ஒரு மணித்தியாலம் கழித்து ஒரு பெண் டொக்டர் வெளியே வந்தார். இளம் பிள்ளை. பெயர் அப்ரா. தலையில் வெள்ளை மூடாக்கு, கையில் காகிதம்.

"பஸ்ரியன் ஐயாட ஆக்கள் யாரு?"

"நான் அவன்ர அக்கா," என்றேன், ரஜிதா வாய் திறப்பதற்கு முன்.

"நெஞ்சில நியூமோனியா இருக்கு அம்மா. அதுக்கு ஊசி மருந்து தொடங்கியாச்சு. ஆனா எனக்கு ஒண்டு விளங்குதில்ல. இரத்தத்தில பொட்டாசியம் நல்லாக் குறைஞ்சு போச்சு. அதாலதான் கால் கை சோர்ந்திருக்கு. இதயமும் ஒழுங்காத் துடிக்குதில்ல. பிரஷருக்கு, சலம் போறதுக்குக் குளிசை எடுக்கிறவரா?"

"காலையில ஒண்ணு எடுக்கிறாரு டொக்டர்," என்றாள் ரஜிதா.

"அந்தக் குளிசையாலயும் குறையும். ஆனா இவ்வளவு குறையாது. வீட்டில கசாயம், குடிநீர் எதாச்சும் குடுத்தீங்களா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"குடுத்தனாங்கள்," என்றேன்.

"என்னென்ன போட்டது?"

பாவட்டை இலை, தூதுவளை, துளசி, மல்லி, மிளகு, வேர்க்கொம்பு என்று சொன்னேன். ஆறு சாமான். அந்த ஆறையும் ஊர் அறியும். ஏழாவதை வீட்டின் மூத்த பிள்ளை மட்டும் அறியும். அப்பா சாகிறதற்கு இரண்டு நாள் முன்னர்தான் எனக்கு அதைச் சொன்னார். மன்னார்க் கடையில் அதை நான் வாங்குவதில்லை. வாங்கினால் கடைக்காரனுக்குத் தெரிந்துவிடும். யாழ்ப்பாணம் போகும்போது வாங்கி வந்து அலுமாரியில் பூட்டி வைப்பேன். அது என்னவென்று தம்பிக்கும் தெரியாது.

"அவ்வளவுதானா?" என்று டொக்டர் கேட்டார்.

"இவள் கொஞ்சம் அங்கால போகட்டும். சொல்லுறன்."

டொக்டரின் புருவம் உயர்ந்தது. "அம்மா, உள்ளுக்கு அவர்ட இதயம் எந்த நேரமும் நிண்டு போகலாம். எனக்கு ஒளிச்சு விளையாட நேரமில்ல."

நான் நிமிர்ந்துதான் நின்றேன். ஆனால் அறுபது வருடம் பூட்டிய கதவு ஒரே இழுப்பில் திறக்காது.

"நானும் குடுத்தேன் டொக்டர்," என்றாள் ரஜிதா. "எங்கம்மா சொல்லிக் குடுத்தது. கொத்தமல்லி, சுக்கு, கற்பூரவள்ளி. கசப்பு தெரியாம இருக்க அதிமதுரம். மாமாவுக்கு இருமல் கூட இருந்திச்சினு அத ஒரு கைப்பிடி போட்டேன். கடைசியில தேன்."

அதிமதுரம்.

அவள் அதை உப்பு, புளி என்பது போலச் சொன்னாள். பக்கத்துக் கட்டிலுக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனுஷியும் கேட்டாள். மருந்துத் தட்டோடு போன தாதியும் கேட்டாள். அப்பா காதோடு காதாக எனக்குத் தந்த சொல், மலைநாட்டு லயங்களில் ஒவ்வொரு அடுப்பிலும் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் மட்டும் அதற்குப் பூட்டு.

அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. அதே நேரம் எனக்கு முன் அவள் சொல்லிவிட்டதால் ஒரு பாரம் இறங்கியும் இருந்தது. இரண்டும் ஒன்றாக ஒரு நெஞ்சில் இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"என்ரயிலயும் அதுதான்," என்றேன்.

"எது?"

"அதிமதுரம். விரல் நீளத்தில ரண்டு துண்டு. போன கிழமை தொடங்கி நாலாக்கினன்."

ரஜிதா சட்டென்று என்னைப் பார்த்தாள். நான் டொக்டரை மட்டும் பார்த்தேன்.

டொக்டர் காகிதத்தில் எழுதினார். "அதுதான் அம்மா. அதிமதுரம் கூடினா பொட்டாசியத்தை இறக்கும். பிரஷரையும் ஏத்தும். இவர் அந்தக் குளிசையும் எடுக்கிறவர். ரெண்டு பேரும் குடுத்ததை ஒரு நாளைக்கு எவ்வளவு குடிச்சவர்?"

"என்ர குடிநீரை அவன் வெளியில ஊத்தியிருப்பான்," என்றேன். "இவளின்ரயைத்தானே குடிச்சவன்."

"இல்ல மாமி," என்றாள் ரஜிதா. "என்னுதத்தான் ஊத்திட்டாருனு நான் நெனச்சிக்கிட்டிருந்தேன்."

டொக்டர் எங்களை உள்ளே கூட்டிப்போனார். தம்பியின் முகத்தில் ஒட்சிசன் மூடி. கண் திறந்திருந்தது.

"ஐயா, அக்கா தந்ததையும் குடிச்சீங்களா, மகள் தந்ததையும் குடிச்சீங்களா?"

தம்பி இரண்டு விரலைக் காட்டினான். மூடியை விலக்கி, "ரண்டையும்," என்றான். "காலமை அக்கான்ர. பின்னேரம் பிள்ளையின்ர. இதை விட்டால் இவவுக்கு மனம் நோகும். அதை விட்டால் அவளுக்கு நோகும்." மூச்சு வாங்கினான். "வீட்டில சமாதானம் வேணுமே."

"நல்ல சமாதானம்," என்றார் டொக்டர். அவருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

எனக்கு இரண்டும் வரவில்லை. பிள்ளையாய் இருந்தபோது என் கையிலிருந்து கைக்கிறதை வாங்கி, மூக்கைப் பொத்தி, ஒரே மூச்சில் குடிப்பான். குடித்துவிட்டு நாக்கை நீட்டிக் காட்டுவான். அறுபத்தொரு வயதிலும் எனக்காகக் குடித்திருக்கிறான். அதோடு நிற்கவில்லை, அவளுக்காகவும் குடித்திருக்கிறான். எந்த இடத்தில் எனக்குக் கூடுதலாக நொந்தது என்று சொல்ல மாட்டேன்.

டொக்டர் எழுதியதைத் திரும்பப் பார்த்தார். தலையை ஆட்டினார். "இதுக்கும் கணக்குச் சரி வருதில்ல. ஐயா, வேற யாரும் மருந்து தந்தவங்களா? ஒளிக்காமச் சொல்லுங்க. அதில என்ன இருக்கெண்டு தெரியாம நான் வைத்தியம் செய்ய ஏலாது."

தம்பியின் கண் என் பக்கம் வந்தது. உடனே விலகியது. விரலை அசைத்து ஒருத்தியைக் கூப்பிட்டான்.

என்னை இல்லை. ரஜிதாவை.

அவள் குனிந்தாள். அவன் அவள் காதில் ஏதோ சொன்னான். ஆறு வயதிலிருந்து அவன் காய்ச்சலுக்கெல்லாம் காது கொடுத்தவள் நான். இரண்டடி தள்ளிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரஜிதா நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"என்ன பிள்ளை சொன்னவன்?" என்றேன். நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

"சிலாவத்துறையில இருந்து ஒருத்தங்க பஸ்ஸில குடுத்து விடுவாங்களாம் மாமி. ஒரு மாசமா ஏதோ லேகியம் வருதாம். படுக்கைக்குப் போகும்போது எடுப்பாராம்." அவள் குரலைத் தணித்தாள். "ஸீனத்னு பேராம். யாரு மாமி அவங்க?"

எங்கள் வீட்டில் அந்தப் பெயர் கடைசியாகச் சொல்லப்பட்டது தொண்ணூறாம் ஆண்டு. தம்பி விரும்பிய பெண். உப்புக்குளத்தில் இருந்த குடும்பம். அந்த ஐப்பசியில் முஸ்லிம் சனத்தை எல்லாம் மன்னாரை விட்டுத் துரத்தியபோது அவர்களும் போனார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே அப்பா அந்தப் பெயரைத் தம்பியின் வாயிலிருந்து எடுத்துவிட்டார். அப்பாவிடம் போய் அந்தப் பெயரைச் சொன்னவள் நான். குடும்பத்தின் நன்மைக்காகச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவேன்.

"அந்த லேகியத்தில என்ன இருக்கெண்டு அவங்களைக் கேக்க ஏலுமா?" என்றார் டொக்டர். "இப்பவே தெரிய வேணும்."

தம்பியின் தொலைபேசி ரஜிதாவின் கையில் இருந்தது. அவள் தேடி எடுத்துவிட்டாள். பேர் இல்லை, ஒரு நம்பர் மட்டும் அடிக்கடி வந்திருந்தது.

"நான் பேசட்டுங்களா மாமி?"

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அவன் நெஞ்சு ஓடிக்கொண்டிருந்தது. திரையில் பச்சைக் கோடு ஒரு தடவை தடுக்கி, பிறகு தொடர்ந்தது. முப்பத்து மூன்று வருடத்துக்கு முன் நான் மூடிய வாயிடம் இப்போது ஒருத்தி போய், உன் மருந்தில் என்ன போட்டாய் என்று கேட்க வேண்டும். அதை இந்தப் பிள்ளை செய்தால் நாளைக்கு எல்லாவற்றையும் அறிந்தவள் அவளாகிவிடுவாள்.

"கொண்டா," என்றேன். "இது எங்கட வீட்டு விசயம்."

தொலைபேசியைக் காதில் வைத்தேன். மறுபக்கத்தில் மணி முழுதாக ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

"என்ன, இண்டைக்கு இவ்வளவு சுணக்கம்?" என்றது ஒரு பெண் குரல். வருடக்கணக்காகப் பழகிய குரல் போல, மெதுவாக. "சாப்பிட்டீங்களா?"